இடது மிதி

இதில் ஒரு சொல் கூடக் கற்பனை கிடையாது. சின்னாளபட்டியில், போன ஐப்பசி மாதம், பட்டப்பகலில் ஒரு நெசவாளி வீட்டில் நடந்தது. பேய் என்றால் நடுச்சாமம், புளியமரம், நாய் ஊளை என்று எதிர்பார்த்து உட்காருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இங்கே அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்கிறது. தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போகிறாள். அதுதான் இதில் பயமே.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதைக் கண்ணால் பார்த்தவள் சொர்ணலட்சுமி. அவள் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. தக்காளிக்காரர் நிறுத்துப் போட்டதைக் கையில் வாங்கி இன்னொரு தடவை தூக்கிப் பார்ப்பாள். கோயில் திருவிழாவில் ஒருவர் சாமி வந்து ஆடினால், "செருப்பைக் கழட்டி ஓரமா வச்சுட்டுல்ல சாமி வந்திருக்கு" என்பாள். அப்படிப்பட்ட நாக்கு.

கட்டின புருஷன் ரங்கசாமி மேல் அவளுக்குத் தனிச் சந்தேகம். மனுஷனுக்குச் சர்க்கரை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டு வந்தால், பரோட்டா தின்றாரா என்று வாயை மோந்து பார்ப்பாள். அவள் மேலும் குற்றம் சொல்ல முடியாது. போன வருஷம் அவளுடைய தம்பி புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு வராமல் தப்பிக்க, இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று காலையில் இருந்து முனகிக்கொண்டே படுத்துக் கிடந்தார். அவள் பஸ் ஏறினதும் எழுந்து போய் டீக்கடையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தச் சேதி அவள் காதுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? அன்றிலிருந்து அவருக்கு எங்கே வலித்தாலும், "இது நெசமான வலியா, பால்காய்ச்சு வலியா?" என்றுதான் கேட்பாள்.

அவர்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்து ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்தது. முன் அறையில் தறிக்குழி. முழங்கால் ஆழத்துக்குத் தரையில் வெட்டிய பள்ளம் அது. நெசவாளி அதன் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே தொங்கவிட்டு, அடியில் இருக்கிற மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துவார். கை மேலே வேலை செய்யும், கால் கீழே வேலை செய்யும். கீழே கால் என்ன செய்கிறது என்று அவருக்கே தெரியாது.

குடிவந்தபோது குழி மண்ணால் மூடிக் கிடந்தது. ரங்கசாமி இரண்டு நாள் மண்ணை அள்ளிக் கொட்டிச் சுத்தம் செய்தார். சொர்ணலட்சுமி வீட்டுச் சொந்தக்காரர் கருப்பணனிடம் கேட்டாள்.

"நல்ல குழியை எதுக்குண்ணே மூடுனீங்க?"

"நான் எங்க மூடுனேன் தங்கச்சி? முன்னாடி இருந்தவங்க மூடிட்டுப் போயிருக்காங்க. நானே அப்புறந்தான் பாத்தேன்."

குழி வெட்டினவர்கள் தறியைக் கழற்றிக்கொண்டு போவார்கள். மண்ணைச் சுமந்து வந்து குழியை மூடிவிட்டா போவார்கள்? அவளுக்கு மனசில் ஒரு முள் தைத்தது. ஆனால் வேலை கிடந்தது. விட்டுவிட்டாள்.

அன்றைக்கு அடைமழை. கரண்ட் இல்லை. முந்தின ராத்திரியே ரங்கசாமி நெஞ்சு கரிக்கிறது என்று சோடா வாங்கிக் குடித்திருந்தார். காலையில் இட்லியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். நெற்றி வேர்த்திருந்தது. மழை நாளில் என்ன வேர்வை?

"பரோட்டா தின்னீங்களா?"

"இல்ல புள்ள. என்னமோ அசதியா இருக்கு."

"நம்பிட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சடக்... சடக்... சடக்... அந்தச் சத்தத்தோடேயே இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் அவள். தூக்கத்தில் கூட அதன் ஓட்டம் மாறினால் தெரியும். பத்தேமுக்கால் இருக்கும். சத்தம் தடுமாறியது. சடக் சடக்... சடக்... அப்புறம் நின்றது.

"சொர்ணம்..."

குரல் சரியில்லை. ஓடிவந்து பார்த்தாள். ரங்கசாமி தறிக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"காலை யாரோ பிடிச்சுட்டாங்க."

"யாரு?"

"உள்ள இருந்து. இடது காலை. வெடுக்குன்னு..."

அவள் குனிந்து குழிக்குள் பார்த்தாள். ஈர மண். இரண்டு மிதிகள். அவருடைய இரண்டு கால்கள். வேறு ஒன்றும் இல்லை.

அக்குளில் கை கொடுத்து அவரை வெளியே இழுத்தாள். வலது கால் வந்தது. இடது கால் அவருடையதே இல்லை என்பது போல இழுபட்டு வந்தது. தொட்டுப் பார்த்தாள். மண்பானையைத் தொட்ட மாதிரி சில்லென்று இருந்தது. பாதம் வெளுத்துக் கிடந்தது. கிள்ளினாள். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"குழி ஈரம்," என்றாள்.

"ஈரம் இல்லடி. கை மாதிரி இருந்துச்சு."

"பேசாம படுங்க."

மழைக்காலத்தில் தறிக்குழி ஈரம் குடிக்கும். கால் விறைத்துப் போகும். அதற்கு அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே வைத்தியம்தான். வெந்நீர் அடுப்பில் இருந்து நெருப்புக் கங்கு அள்ளிப் பழைய மண்சட்டியில் போட்டு, காலை அதன் மேல் காட்டிக்கொண்டு உட்காருவார்கள். செத்த நேரத்தில் ரத்தம் ஓடிவிடும். அவள் மாமனாருக்கும் அப்படித்தான், அப்பாவுக்கும் அப்படித்தான். விறைத்த காலுக்காக யாரும் ஆஸ்பத்திரிக்குப் போனது கிடையாது.

அவரைப் பாயில் படுக்க வைத்தாள். கங்குச் சட்டியைக் கொண்டுவந்து இடது பாதத்தை ஒட்டி வைத்தாள். எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவரலாம் என்று அடுப்படிக்குத் திரும்பினாள்.

புஸ்ஸ்ஸ்...

வந்து பார்த்தால், கங்கு அணைந்து புகைந்துகொண்டிருந்தது. சட்டி நிறையத் தண்ணீர்.

நிமிர்ந்து ஓட்டுக் கூரையைப் பார்த்தாள். ஒழுகவில்லை. ஒழுகினாலும் சட்டி நிறையவா ஒழுகும்?

"எதுக்கு அணைச்சீங்க?"

ரங்கசாமி கண்ணைத் திறந்தார். "நானா? நான் அசையவே இல்ல."

இரண்டாவது தடவை கங்கு அள்ளி வந்தாள். இந்தத் தடவை ஊதி ஊதிச் சிவக்க வைத்தாள். பூண்டு உரித்துக்கொண்டிருக்கும்போதே காதில் விழுந்தது.

புஸ்ஸ்ஸ்...

ஓடி வந்தாள். சட்டியில் தண்ணீர். அது மட்டும் இல்லை. சிவப்பு சிமெண்டுத் தரையில் ஈரக் காலடி. கொல்லைக் கதவில் இருந்து சட்டி வரைக்கும். கொல்லையில்தான் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது.

ஆம்பளைக் கால். அவர் அளவுதான்.

அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடிப் போய்விட்டு ஓடி வந்து படுத்தவனுக்கு எப்படி இருக்குமோ அப்படி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பால்காய்ச்சு வலியா இது? தொட்டி வரைக்கும் நடக்க முடியுது, தறியில உக்கார முடியலையா?"

"சொர்ணம்... சத்தியமா..."

"நடிங்க. நல்லா நடிங்க. சோறு வெந்ததும் எழுந்திரிச்சு வருவீங்கள்ல, அப்பப் பேசிக்கிறேன்."

போய் அவரைக்காயை நறுக்க உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தைப் பற்றி இப்போது பேசினாலும் அவள் தலையில் அடித்துக்கொள்கிறாள். பக்கத்து அறையில் அவர் கால் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது. அவள் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

நறுக்க நறுக்க மனசு ஒரு நிலையில் இல்லை. எழுந்து வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. நடிக்கிற மனுஷன் இவ்வளவு நேரம் சும்மா இருக்க மாட்டாரே? பசிக்குதுன்னு ஒரு குரலாவது கொடுப்பாரே? சந்தேகம் இப்போது தலைகீழாகத் திரும்பியது. சரி, அணைக்கிறது யார் என்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவோம் என்று எழுந்தாள்.

மூன்றாவது தடவை கங்கு அள்ளினாள். சட்டியை வைத்தாள். ரங்கசாமி கண்ணை மூடிக் கிடந்தார். கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தெருக்கதவுக்கும் தாழ்ப்பாள். அடுப்படிக்குள் போய், கதவை ஒரு விரல்கடை அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

மழை ஓய்ந்திருந்தது. கீரைக்காரியின் குரல் தெருக்கோடியில் தேய்ந்தது.

ரங்கசாமி அசையவில்லை. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது.

கொல்லையில்... தொட்டிக்குள் செம்பு முங்குகிற சத்தம்.

க்ளுக்...

அவள் கொல்லைக் கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

சளக்.

கதவுக்கு இந்தப் பக்கம், தரையில், ஒரு ஈரக் காலடி.

யாரும் இல்லை.

சளக்...

இன்னொன்று. ஒரு எட்டு தள்ளி.

சளக்...

அவளுடைய கை கதவை விட்டுவிட்டது. கதவு முனகித் திறந்தது.

அது நின்றது.

விரல்கள் அவள் பக்கம் திரும்பியிருந்தன. பாதத்தைச் சுற்றித் தண்ணீர் பரவியது. அவள் மூச்சு விடவில்லை. அதுவும் போகவில்லை. யார் என்று பார்க்கிற மாதிரி... நின்றது.

அப்புறம் திரும்பியது.

சளக்... சளக்...

புஸ்ஸ்ஸ்...

சட்டியில் இருந்து புகை எழும்பியது. காலடி ரங்கசாமியைச் சுற்றிக்கொண்டு குழி வரைக்கும் போனது. விளிம்பில் முடிந்தது.

குழிக்குள்...

சடக்.

ஒரே ஒரு தடவை.

அவள் கண் தரையில் இருந்தது. அந்தக் காலடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒன்று தப்பாக இருந்தது. எது என்று பிடிபடவில்லை.

பிடிபட்டது.

கட்டை விரல் எல்லாம் ஒரே பக்கம்.

அத்தனையும் இடது கால். வலது காலே இல்லை.

நடிக்கிறவன் நொண்டினால் நல்ல காலை ஊன்றித்தானே நொண்டுவான்?

பாய்ந்து போய் ரங்கசாமியின் இடது பாதத்தைத் தூக்கினாள். உள்ளங்காலில் காலையில் ஒட்டின குழி மண் அப்படியே காய்ந்து இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. சில்லிப்பு இப்போது முழங்கால் வரைக்கும் ஏறியிருந்தது. தோலில் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். "சொர்ணம்... நெஞ்சு என்னமோ பண்ணுது..."

எதிர்வீட்டு மைதீன் பிச்சை ஆட்டோ வைத்திருந்தான். தலைவிரி கோலமாக அவள் தெருவில் இறங்கி ஓடினதைப் பார்த்ததும் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தான். இரண்டு பேருமாகத் தூக்கிப் போட்டார்கள். திண்டுக்கல் வரும்வரைக்கும் அவன் வண்டியை எங்கேயும் நிறுத்தவில்லை. வழியில் ரங்கசாமி வாந்தி எடுத்தார். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அவரு நடிக்கிறாருன்னே இருக்கட்டும், தாயே, நடிப்பாவே இருக்கட்டும்" என்று அவள் வேண்டிக்கொண்டே வந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாகப் புருஷன் பொய் சொல்ல வேண்டும் என்று வேண்டினாள்.

ஆஸ்பத்திரியில் ஐரின் என்று ஒரு நர்ஸ் ஈ.சி.ஜி. எடுத்தாள். காகிதம் வெளியே வர வர அவள் முகம் மாறியது. டாக்டரம்மா வந்தார். காகிதத்தைப் பார்த்தார். காலைத் தொட்டார். கணுக்காலில், முழங்காலுக்குப் பின்னால், தொடை இடுக்கில் என்று விரலை வைத்து வைத்து நாடி தேடினார்.

"ஹார்ட் அட்டாக் வந்திருக்கும்மா. அனேகமா நேத்து ராத்திரியே. சர்க்கரை இருக்கிறவங்களுக்குச் சில நேரம் நெஞ்சு வலி பெருசா தெரியாது. இதயத்துல கட்டுன ரத்தக்கட்டி ஒண்ணு நழுவி வந்து கால் குழாயை அடைச்சிருச்சு. அதான் கால் திடீர்னு செத்த மாதிரி ஆகியிருக்கு. உடனே மதுரைக்கு அனுப்புறேன். ஆறு மணி நேரம் தாண்டிட்டா காலைக் காப்பாத்துறது கஷ்டம்."

ஆம்புலன்ஸ் வருவதற்குள் டாக்டரம்மா பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க ஊர்ல இருந்து வாரவங்க நெருப்புல காட்டிக் கொண்டாருவாங்களே? நீங்க சூடு எதுவும் வைக்கலையா?"

"வச்சேன்."

"வச்சீங்களா? தோல்ல ஒண்ணும் காணோமே."

"அணைஞ்சு போச்சு," என்றாள் சொர்ணலட்சுமி.

"நல்லவேளை அணைஞ்சது. ரத்தம் ஓடாத காலுக்குச் சூடு வச்சா வெந்து போகும். வேகுறது அவருக்கே தெரியாது. அப்புறம் காலை எடுக்கிறதைத் தவிர வழி இல்லை."

மதுரையில் தொடையில் சின்னதாகக் கிழித்து, குழாய் விட்டு, கட்டியை வெளியே இழுத்தார்கள். இதயத்துக்கும் வைத்தியம் நடந்தது. மறுநாள் காலையில் அவர் இடது கால் கட்டை விரலை அசைத்தார். அவள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் சொர்ணலட்சுமி ஆயிற்றே. நேராகக் கருப்பணனிடம் போய் நின்றாள்.

"முன்னாடி இருந்தவங்க யாரு?"

"முத்துக்கிருஷ்ணன்னு ஒரு நெசவாளிம்மா. கால்ல என்னமோ வந்து மதுரைக்குக் கொண்டுபோனாங்க. போயிட்டாரு. சம்சாரம் மாலதி எரியோட்டுல அண்ணன் வீட்டுல இருக்கு. ஏன், என்ன?"

"சும்மா கேட்டேன்."

ஒரு மாதம் கழித்து, ரங்கசாமி வீட்டுக்குள் நடமாட ஆரம்பித்ததும், தறிப் பக்கம் போகக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, எரியோட்டுக்குப் பஸ் ஏறினாள். மாலதி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இவள் வயசுதான் இருக்கும். எந்த வீட்டில் இருந்து வருகிறாள் என்று சொன்னதும் கீரையைக் கீழே வைத்தாள்.

சொர்ணலட்சுமி நடந்ததை எல்லாம் சொன்னாள். காலடி அடுப்படிப் பக்கம் திரும்பி நின்றதைச் சொன்னபோது மாலதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவருக்கும் இடது கால்தான்," என்றாள் கடைசியில். "நெஞ்சுல கோளாறுன்னு யாருக்குத் தெரியும்? குழி ஈரம்னுதான் நெனச்சேன். கங்கு வச்சேன். தணியத் தணிய ஊதி ஊதி வச்சேன். அம்புட்டு நேரமும் அவரு சிரிச்சுக்கிட்டே படுத்திருந்தாரு. வலிக்கலன்னாரு. பொசுங்குற வாடை வந்தப்பத்தான் பாத்தேன். மதுரையில காலை எடுத்துட்டாங்க."

மாலதி கீழே வைத்த கீரையை மறுபடி எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"உனக்கு அணைச்சு விட்டுருக்கு. எனக்கு அணைக்க ஒருத்தரும் வரலையே அக்கா."

சொர்ணலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் அந்தக் குழியை மூடின மண் அவள் மனசில் இருந்து இன்னும் போகவில்லை. கேட்டுவிட்டாள்.

"எடுத்த காலை என்ன பண்ணுனாங்க?"

"துணியில சுத்தி எங்கிட்டயே குடுத்தாங்க. புதைச்சிருங்கன்னு. ஊருக்குக் கொண்டாந்தேன். உசுரோட இருக்கிற ஆளு காலைச் சுடுகாட்டுல புதைக்க முடியாதுன்னுட்டாங்க. நான் எங்க போவேன்? அது நெதம் மிதிச்ச எடத்துலயே தோண்டி வச்சேன். இடது மிதிக்கு நேர் கீழ. மறுநா அவரும் போயிட்டாரு. அவரைச் சுடுகாட்டுல எரிச்சோம். கால் மட்டும்... அங்கேயேதான் இருக்கு. அதுக்கப்புறம் அதைப் பாக்க முடியாமத்தான் மண்ணைப் போட்டு மூடிட்டு வந்துட்டேன்."

சொர்ணலட்சுமி வாசலுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டாள். நாலைந்து தடவை மணி அடித்த பிறகுதான் ரங்கசாமி எடுத்தார். பின்னாடி சத்தம் கேட்டது.

சடக்... சடக்... சடக்...

"தறியில உக்காந்துட்டீங்களா? சத்தியம் பண்ணுனீங்கள்ல?"

"கோவிச்சுக்காத புள்ள. சும்மா செத்த நேரம் உக்காந்து பாத்தேன்." அவர் குரலில் வெகுநாளைக்கு அப்புறம் ஒரு சந்தோஷம் இருந்தது. "கால் வலிக்கும்னு பயந்தேன். ஒண்ணுமே இல்ல. இடது காலை நான் அமுக்கவே வேண்டியதில்ல, சொர்ணம். மிதி தானா கீழ போகுது."